தேங்காய்ப்பட்டணத்துக் கத்திரிக்காய்

ரெஜிலா அன்று கல்லூரியிலிருந்து சிரித்துக்கொண்டே வந்தாள். செருப்பைக் கழற்றும்போது சிரித்தாள், முகம் கழுவும்போதும் சிரித்தாள். அவள் கணவன் ஸ்டெனி அப்போதுதான் அவித்த மரச்சீனிக் கிழங்கும் அயிலை மீன் குழம்புமாகத் தட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். திருவனந்தபுரத்துக் கம்பெனி ஒன்றுக்குக் கருங்கல் என்கிற ஊரில் வீட்டில் இருந்தபடியே வேலை பார்க்கிறவன்; சாயங்காலம் ஆனால் அவனுக்கென்று தனியாக ஒரு பசி வரும்.

"கேட்டியளா, தேங்காய்ப்பட்டணம் ஹார்பர்ல கத்திரிக்காய் வந்து எறங்கியிருக்கு" என்றாள்.

ரெஜிலா இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு கம்ப்யூட்டர் சயன்ஸ் எடுக்கிறாள். பைத்தானில் ஒரு அசைன்மென்ட் கொடுத்திருந்தாள். தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்துக்குக் காலையில் வருகிற வள்ளங்கள், ஒவ்வொன்றிலும் வந்த மீன், அதன் எடை. எந்த மீன் மொத்தம் எவ்வளவு வந்தது என்று கூட்டிச் சொல்கிற ப்ரோகிராம் எழுத வேண்டும். இணையத்தில் தேடினால் கிடைத்துவிடக் கூடாது என்றுதான் உள்ளூர்த் துறைமுகத்தை எடுத்தாள். வந்த விடைகளில் பாதிக்கு மேல் ஒரே அச்சு. பெனிஷ் என்கிற பையன் கொடுத்ததில் மட்டும் சாளைக்கும் நெத்தோலிக்கும் நடுவே கத்திரிக்காய் கிடந்தது.

"எவனோ கேள்வியக் காய்கறி மார்க்கெட்டா மாத்தி, வெளிய குடுத்து எழுதி வாங்கியிருக்கான். வாங்கினதைத் திரும்ப மீனா மாத்தும்போ பெனிஷ் ஒரு எடத்தில விட்டுட்டான்."

ஸ்டெனியின் வாயில் இருந்த மரச்சீனி அங்கேயே நின்றது. கோயம்பேடு சந்தை, லாரிகள், கத்திரிக்காய். போன வாரம் ஒரு மத்தியானம் கம்பெனி மீட்டிங்கில் மைக்கை அணைத்துவிட்டு அந்த ப்ரோகிராமை எழுதியவன் அவன்தான். நன்றாக வந்திருக்கிறது என்று இரண்டு தரம் வாசித்து ரசிக்கவும் செய்திருந்தான்.

சொல்லியிருக்கலாம். சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் பிறகு வாய்க்கவே இல்லை, அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். ஆனால் ஸ்டெனி வாயில் இருந்ததை மென்று விழுங்கி, தண்ணீர் குடித்து, "இப்ப உள்ள பிள்ளையளு இப்பிடித்தான்" என்றான்.

டெலிகிராமில் தமிழ் மாணவர்களுக்கென்று ஒரு குழு இருந்தது. ப்ரோகிராமில் முட்டிக்கொண்டு நிற்கிறவர்கள் கேள்வி போடுவார்கள், தெரிந்தவர்கள் பதில் சொல்வார்கள். யாரும் யாரையும் நேரில் பார்த்ததில்லை. ஸ்டெனி அதில் 'மரச்சீனி' என்ற பெயரில் இருந்தான். கம்பெனியில் அவனுடைய வேலை, வெளிநாட்டு இன்சூரன்ஸ் நிறுவனம் ஒன்றின் விண்ணப்பப் பக்கத்தில் பிறந்த தேதி எழுதுகிற கட்டத்தை ஒழுங்காக வைத்திருப்பது. வருடக்கணக்காக அந்தக் கட்டத்தோடு குடித்தனம் செய்கிறான். அது ஒழுங்காக இருக்கிற வரைக்கும் அப்படி ஒருவன் இருக்கிறான் என்பதே யாருக்கும் நினைவில் வராது. குழுவிலோ, விட்டுப்போன ஒரு அடைப்புக்குறியைக் காட்டிக் கொடுத்தாலே போதும், 'அண்ணா நீங்க தெய்வம்' என்று எவனாவது எழுதிவிடுவான். ஸ்டெனி சி.எஸ்.ஐ. சபையில் கமிட்டி மெம்பர். மனுஷனைத் தெய்வம் என்பது பத்துக் கட்டளைகளில் முதலாம் கற்பனைக்கே விரோதம் என்று அவனுக்குத் தெரியும். கண்டிக்க வேண்டும் என்று நினைப்பான். நினைத்துக்கொண்டே அதன்மேல் ஒரு இதயத்தைப் போடுவான்.

குழுவின் முகப்பில், 'வீட்டுப்பாடம் செய்து தரப்படாது, வழி மட்டும் காட்டப்படும்' என்று ஒட்டியிருந்த அறிவிப்பை எழுதியவனும் அவனே. ஆரம்பத்தில் அப்படித்தான் நடந்தான். கேட்கிறவர் எதுவரைக்கும் எழுதியிருக்கிறார் என்று பார்ப்பான். இடறிய இடத்தைத் தொட்டுக் காட்டிவிட்டு விலகிக்கொள்வான். ஒருநாள், நாளைக்குக் கொடுக்க வேண்டும், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஒருவன் வந்தான். ஸ்டெனி மனம் இளகி முழுசாக எழுதிக் கொடுத்தான். அதற்கப்புறம் தமிழ்நாட்டில் தாய்மார்களின் ஆரோக்கியம் வேகமாகச் சீரழிந்தது. அசைன்மென்டுக்கு முந்தின நாளெல்லாம் மாநிலம் முழுக்க அம்மாக்கள் படுக்கையில் விழுந்தார்கள். ஸ்டெனி எல்லாருக்கும் எழுதினான். வழி காட்டப் பொறுமை வேண்டும். எழுதிக் கொடுக்க ஆசை இருந்தால் போதும்.

ஏ.ஐ.யிடம் கேட்டால் நொடியில் கிடைக்கிற இந்தக் காலத்திலும் பிள்ளைகள் தன்னைத் தேடி வருகிறார்களே என்று அவனுக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை இருந்தது. மறுநாளே அது போய்விட்டது. ரெஜிலா பெனிஷைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்துவிட்டு வந்திருந்தாள்.

"ஏலே, ஏ.ஐ. கிட்டக் கேட்டிருக்கலாமே, எதுக்கு இந்த மரச்சீனிக்கிட்டப் போனியன்னு கேட்டேன். என்ன சொன்னான் தெரியுமா? 'ஏ.ஐ. எழுதினா நீங்க கண்டுபிடிச்சிருவிய மிஸ். இவரு எழுதினா மனுஷன் எழுதின மாதிரி அங்கங்க தப்பும் இருக்கும்'னான்."

"தப்பா? என்ன தப்பு?" ஸ்டெனியின் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

"அதை நீங்க எதுக்குக் கேக்குதிய?"

"இல்ல, சும்மா."

அன்றைக்கே ரெஜிலா ஒரு பொய்ப் பெயரில் அந்தக் குழுவில் சேர்ந்தாள். சாயா குடிக்கிற நேரத்தில் மரச்சீனியின் பழைய பதில்களைத் தேடி எடுத்துக் கணவனுக்கு வாசித்துக் காட்டுவது வழக்கமாயிற்று.

"பேரைப் பாத்தியளா. நம்ம ஊருக்காரனாக்கும்."

"திருவனந்தபுரத்திலயும் மரச்சீனின்னுதான் சொல்லுவாவ. அங்க உள்ளவனா இருக்கும்."

"அங்க உள்ளவன் இவ்வளவு தமிழ் எழுதுவானா? கேள்வி ரெண்டு வரி, இவன் பதில் ரெண்டு பக்கம். பெருமை பிடிச்சவன்."

"வெளக்கமா சொல்லுதான்."

"கேக்காததையும் சொல்லுதான். இதைப் பாருங்க, கூடை காலியா இருந்தா என்ன செய்யணும்னு ஒரு சோதனை. எவன் கேட்டான் அதை? எல்லாத்திலயும் முதல் வரியில இதைச் சொருகியிருக்கான்."

"அது நல்ல பழக்கம், ரெஜி. காலியான கூடை வந்தா ப்ரோகிராம் அங்கேயே விழுந்திரும். அனுபவம் உள்ளவன்தான் அதை யோசிப்பான். கம்பெனியில இருக்கப்பட்ட எத்தனையோ பேருக்கு அது தெரியாது."

"நீங்க என்ன, அவனுக்கு வக்காலத்து வாங்குதிய?"

ஸ்டெனி சாயாவைக் குடித்தான். ரெஜிலா போனைக் கீழே வைத்தாள்.

"எனக்கு அந்தப் பயலுவ மேலகூட அவ்வளவு கோவம் இல்ல, கேட்டியளா. இவன் மேலதான். ஒரு கேள்வி குடுத்தா, பிள்ளையளு முட்டணும், மோதணும், சாயங்காலம் வரைக்கும் வெப்ராளப்பட்டுத் தவிக்கணும். அதுதான் பாடம். அந்தக் கஷ்டத்தை இவன் எடுத்துத் தின்னுட்டு, அதுக்கு உபகாரம்னு பேரு வச்சிருக்கான். நாளைக்கு அதுங்க இன்டர்வியூவுக்குப் போய் நிக்கும்போ மரச்சீனி கூட வருவானா?"

"வர மாட்டான்" என்றான் ஸ்டெனி. அந்தப் பேச்சில் அவன் சொன்ன உண்மை அது ஒன்றுதான்.

அடுத்த அசைன்மென்டை அவள் பஸ்ஸை வைத்துக் கொடுத்தாள். கருங்கல்லிலிருந்து நாகர்கோவில் போகிற பஸ்ஸில் ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஏறினவர்கள், இறங்கினவர்கள். எந்த இடத்தில் கூட்டம் அதிகம் என்று கண்டுபிடிக்க வேண்டும். கொடுத்த கையோடு ஸ்டெனியிடம் தன் திட்டத்தையும் சொன்னாள்.

"வெள்ளிக்கிழமை நானே வேற ஒரு பேர்ல படிக்கிற பிள்ளையாட்டு ஒரு கேள்வி போடுவேன். முழுசா எழுதிக் குடுக்கானா, இல்லியான்னு பாக்கணும்."

இதைவிடச் சுலபமான பரீட்சை உலகத்தில் இருக்க முடியாது என்று ஸ்டெனிக்குத் தோன்றியது. நாள் தெரியும், கேட்கப்போகிறவள் யாரென்றும் தெரியும். ஒரே ஒரு தரம் நேர்மையாகப் பதில் எழுதிவிட்டால், மரச்சீனி அப்படியொன்றும் மோசமானவன் இல்லை என்று அவள் வாயாலேயே வந்துவிடும். அதற்குப் பிறகு சமயம் பார்த்து உண்மையைச் சொல்லிக்கொள்ளலாம்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கேள்வி வந்தது. 'செல்வி' என்று ஒரு புதுப் பெயர். "அண்ணா, திங்கட்கிழமை அசைன்மென்ட் குடுக்கணும். அம்மைக்கு சுகமில்லாம ஆஸ்பத்திரியில நிக்கேன். லேப்டாப் இல்ல, போன்லதான் எழுதுறேன். பஸ்ஸில இறங்கினவங்களைக் கழிக்கிற இடத்தில தப்பு வருது. எங்கன்னு மட்டும் சொல்லுங்க." கூடவே எழுதியிருந்ததையும் போட்டிருந்தாள்.

ஸ்டெனிக்குச் சிரிப்பு வந்தது. அம்மா, ஆஸ்பத்திரி, அதே பஸ். ரெஜிலாவுக்குக் கற்பனை போதாது என்று நினைத்துக்கொண்டான். போட்டிருந்ததைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டு எழுதினான்.

"தாயின் நோயைச் சொல்லி விடை வாங்குவது பிச்சை எடுப்பதைவிடக் கேவலம். உன் தாய்க்கு உண்மையிலேயே நோய் என்றால் அவர் பக்கத்தில் இரு. இங்கே வந்து பொய்யை விற்காதே. உனக்காகப் பாடுபடுகிற ஆசிரியரை ஏமாற்றுவதாக நினைத்து உன்னையே ஏமாற்றிக்கொள்கிறாய்." இன்னும் ஒரு பத்தி இருந்தது. அதில் ஆசிரியர்களின் தியாகம் பற்றி எழுதினான். குழுவில் பலர் கைதட்டினார்கள். வெகுநாளைக்குப் பிறகு நிமிர்ந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது.

அந்த நிமிர்வோடுதான் சாயங்காலம் வந்த இன்னொரு கேள்வியைப் பார்த்தான். 'விக்னேஷ், சேலம்'. அதில் கெஞ்சலும் இல்லை, வணக்கமும் இல்லை. ஒரு கணக்கைப் போட்டு, "இதை ஒரே ஒரு லூப்பில் முடிக்க முடியாது என்று எங்கள் மேடம் அடித்துச் சொல்கிறார். உங்களாலும் முடியாது என்றால் ஒத்துக்கொள்கிறேன்" என்று இருந்தது.

சாயா ஆறுவதற்குள் ஸ்டெனி எழுதி முடித்துவிட்டான். ஒரே லூப். மேலே காலிக் கூடைக்கான சோதனை. கீழே அது ஏன் வேலை செய்கிறது என்று விரிவாக விளக்கம். கடைசியில், "உங்கள் மேடத்துக்கு அடிப்படை கொஞ்சம் போதாது என்று நினைக்கிறேன்" என்றும் சேர்த்தான்.

சற்று நேரத்தில் ரெஜிலா போனும் கையுமாக வந்தாள்.

"மாட்டிட்டான்."

"எழுதிக் குடுத்திருக்க மாட்டானே" என்றான் ஸ்டெனி, சிரித்துக்கொண்டே.

"முழுசாக் குடுத்திட்டான். எனக்கு அடிப்படை போதாதாம்."

அவள் நீட்டிய போனில் சேலத்து விக்னேஷ் இருந்தான். ஸ்டெனி அதையே பார்த்துக்கொண்டிருந்தான். கேட்க வேண்டிய கேள்வி ஒன்று தொண்டை வரைக்கும் வந்தது. ஆனால் அப்படியானால் செல்வி யார் என்று அவன் அவளிடம் எப்படிக் கேட்பான்? சுற்றி வளைத்துக் கேட்டான்.

"நீ எதுக்கு அழுது கேக்கல்ல? அம்மைக்கு சுகமில்லன்னு ஒண்ணு சொல்லியிருக்கலாமே."

"அதெல்லாம் கேட்டுக் கேட்டு அவனுக்கு மரத்துப் போயிருக்கும். இவன் எரக்கத்தில எழுதுதவன் இல்ல. வீம்பில எழுதுதவன். ஒன்னால முடியாதுன்னு சொன்னாப் போதும்."

எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிற டாக்டரைப் போல அவள் சொன்னாள். அது தன்னுடைய எக்ஸ்ரே என்று ஸ்டெனிக்குத் தெரிந்தது. செல்வி எவளோ ஒரு ஏமாற்றுக்காரியாகத்தான் இருக்க வேண்டும் என்று மனதுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டான்.

திங்கட்கிழமை விடைகள் வந்தன. ரெஜிலா அன்று கொஞ்சம் சந்தோஷமாகவும் கொஞ்சம் கடுப்பாகவும் வந்தாள்.

"எல்லாம் கோணல்மாணலாத்தான் இருக்கு. ஆனா அவங்கவங்க கோணல். ஒண்ணுதான் எடக்கு. லிஜான்னு ஒரு பிள்ள, தேங்காய்ப்பட்டணம். முதல் வரியிலயே பஸ் காலியான்னு சோதனை. அப்பிடியே மரச்சீனிக்க கைரேகை. குழுவில தேடினேன். மாசக்கணக்கா அவனுக்கிட்டக் கேட்டுட்டே இருந்திருக்கா."

"என்ன சொல்லியிருக்கான்?"

"அவளுக்கு மட்டும் வழிதான் காட்டியிருக்கான். மிச்சத்தைத் தனியா அனுப்பியிருப்பான். நாளைக்கு எச்.ஓ.டி. அவளுக்க அம்மையைக் கூட்டிட்டு வரச் சொல்லியிருக்காரு. நான் எழுதினதுதான்னு நிண்ணு சாதிக்கா. அழக்கூட இல்ல."

ஸ்டெனிக்கு லிஜாவைத் தெரியும். தெரியும் என்றால், அந்தப் பெயரைத் தெரியும். தான் எழுதியதைப் போட்டு, எங்கே இடறுகிறது என்று கேட்பாள். இவன் காட்டுவான். ஒரு மணி நேரமோ ஒரு நாளோ கழித்து அது சரியானதும், "வந்துட்டு அண்ணா" என்று இரண்டு வார்த்தை. அவ்வளவுதான். ஒரு தடவைகூட அவனைத் தெய்வம் என்றதில்லை. அதனால் அவனும் அவளைப் பெரிதாக எண்ணியதில்லை. தனியாக ஒரு எழுத்துகூட அனுப்பியதும் இல்லை. காலிக் கூடையை முதலில் பார் என்று குழுவில் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறான். அதைக் கேட்டுப் படித்தவள் அவள் ஒருத்திதான். மாட்டிக்கொண்டதும் அவள் ஒருத்திதான்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். மனைவி எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். ஆனால் ஸ்டெனிக்கு அதைவிடச் சாமர்த்தியமான ஒரு யோசனை தோன்றியது. வேலை இருக்கிறது என்று அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினான். மரச்சீனியின் கணக்கிலிருந்து சேலத்து விக்னேஷுக்குத் தனியாக ஒரு செய்தி எழுதினான். "மேடம், லிஜா அதைத் தானாகவே எழுதினாள். நான் அவளுக்குத் தனியாக எதுவும் அனுப்பியதில்லை. தயவுசெய்து தண்டிக்க வேண்டாம்." தான் மறைந்திருந்தபடியே ஒரு பிள்ளையைக் காப்பாற்றிவிட்டோம் என்று அவனுக்குக் கண்கூடக் கலங்கியது.

அடுக்களையில் போன் சிணுங்கியது. ஓடிக்கொண்டிருந்த மிக்சி நின்றது. பிறகு கதவு திறந்தது.

"ஸ்டெனி" என்றாள் ரெஜிலா. சாதாரணமாக அந்த வீட்டில் 'கேட்டியளா' என்பதுதான் அவன் பெயர்.

"சேலம் விக்னேஷ் ஒரு மேடம்னு இந்த மரச்சீனிக்கு எங்ஙன தெரியும்?"

ஸ்டெனி திரையைப் பார்த்தான். பிறந்த தேதிக் கட்டம் ஒழுங்காக இருந்தது.

"லிஜா மாட்டினது எங்ஙன தெரியும்? காலேஜுக்கு வெளிய நான் இந்த வீட்டில அல்லாம வேற எங்கயும் அதைப் பறயல்லியே."

கூடை காலியா என்று எல்லா இடத்திலும் சோதிக்கிறவன், அனுப்புவதற்கு முன்னால் இதைச் சோதிக்கவில்லை. ரெஜிலா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். அவள் ஏசுவாள் என்று எதிர்பார்த்தான், ஏசவில்லை.

"எனக்கு அடிப்படை போதாது, இல்லியா?"

"அது... விக்னேஷுக்க மேடத்தைத்தான் சொன்னேன்."

"நான் தெனமும் ஒங்களுக்கிட்ட வாசிச்சுக் காட்டினேன். நீங்க சாயா குடிச்சிட்டுத் தலையாட்டிட்டு இருந்திய." அவள் குரல் உள்ளே போயிருந்தது. "பிள்ளையளுக்கு எழுதிக் குடுத்ததைக்கூட விட்டிரலாம். இதுதான் எனக்கு..."

முடிக்காமல் எழுந்தாள்.

"நாளைக்கு லீவு போடுங்க. எச்.ஓ.டி. முன்னால வந்து சொல்லணும்."

"ஒரு மெயில் அனுப்பினாப் போதாதா?"

"போதாது."

மறுநாள் பைக்கில் போகும்போது ஸ்டெனி மனதுக்குள் ஒரு உரை தயாரித்தான். அறிவு எல்லாருக்கும் பொது, முகம் தெரியாதவனுக்குச் செய்கிற உதவிதான் உதவி, எல்லை மீறியது உண்மை, ஆனால் நோக்கம் நல்லது என்று அது போயிற்று. பின்னால் ரெஜிலா இருவருக்கும் நடுவே பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

எச்.ஓ.டி. ஞானசிங் சார் அறையில் லிஜா சுவரோரம் நின்றாள், மெலிந்து உயர்ந்த பெண். நாற்காலியில் அவள் அம்மா ஞானசெல்வி, வெயிலில் கறுத்த முகத்தில் சோர்வோடு, ஒரு கையால் விலாவைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஸ்டெனி உள்ளே போய் நின்றான். உரையில் ஒரு வரிகூட நினைவில் இல்லை.

"நான்தான் சார் மரச்சீனி."

"என்னது?" என்றார் ஞானசிங் சார்.

"மரச்சீனி. நான்தான்."

தண்ணீர் கொண்டுவந்த அட்டெண்டர் வாசலிலேயே நின்றுவிட்டார். எச்.ஓ.டி. ரெஜிலாவைப் பார்த்தார். "மிஸ், இவரு ஒங்க..."

"ஆமா சார். எனக்க மாப்பிள்ளதான்."

அதற்குப் பிறகு விளக்குவதற்கு அதிக நேரம் ஆகவில்லை. ஸ்டெனி லேப்டாப்பைத் திறந்து லிஜாவுக்கும் தனக்கும் நடந்த பேச்சு முழுவதையும் காட்டினான். தனியாகப் பேசியது எதுவும் அதில் இல்லை. எச்.ஓ.டி. லிஜாவைக் கூப்பிட்டு, அவள் எழுதியதை வரி வரியாகச் சொல்லச் சொன்னார். அவள் தடுமாறாமல் சொன்னாள். இரண்டு இடத்தில் அவர் குறுக்கே கேட்டார், அதற்கும் சொன்னாள். "சரி, பிள்ள எழுதினதுதான்" என்று அவர் கண்ணாடியைக் கழற்றினார். ரெஜிலா லிஜாவின் பக்கத்தில் போய், "எனக்கத் தப்பு, மக்கா" என்றாள்.

எல்லாம் முடிந்தது என்று ஸ்டெனி லேப்டாப்பை மூடினான். ஞானசெல்வி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மக்கா, அண்ணைக்கு எனக்க போன்ல எழுதினது இந்த ஆளுதானா?"

"ஆமாம்மா" என்றாள் லிஜா.

ஸ்டெனிக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது.

"அவளுக்க போன் குடத்து வெள்ளத்தில விழுந்து கேடாயிட்டு" என்றாள் ஞானசெல்வி. "எனக்க போனை வாங்கித்தான் கேட்டா. நான் ஆஸ்பத்திரிக் கட்டில்ல கெடந்தேன். அவ மருந்து வாங்கப் போன நேரத்தில சத்தம் வந்துது. நான்தான் எடுத்து வாசிச்சேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "எனக்குக் கிட்னியில கல்லு. பொய் இல்ல."

லிஜா அம்மாவின் போனில் கேட்டதையும் ஏச்சு வாங்கியதையும் ரெஜிலா அப்போதுதான் முதல் தடவையாகக் கேள்விப்பட்டாள். கணவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"மன்னிச்சிருங்க" என்றான் ஸ்டெனி. அதோடு நிறுத்தியிருக்கலாம். "நான் வேற ஆளுன்னு நெனச்சிட்டேன்."

"ஆருன்னு நெனச்சிய?"

ஸ்டெனி ரெஜிலாவைப் பார்த்தான். "எனக்க வீட்டுக்காரின்னு."

ஞானசெல்வி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "வீட்டுக்காரியயா அப்பிடி ஏசினிய?"

எச்.ஓ.டி. அவசரமாக ஒரு பேப்பரை எடுத்துப் படிக்க ஆரம்பித்தார்.

"ஒண்ணு கேக்கட்டா?" என்றாள் ஞானசெல்வி. கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்வதற்காகத்தான் கேட்டாள். "முன்னப்பின்ன தெரியாத பிள்ளையளுக்கு நீங்க எதுக்கு இதெல்லாம் சொல்லிக் குடுக்கிய?"

பைக்கில் தயாரித்த உரையில் இதற்கு நாலு பதில்கள் இருந்தன. ஒன்றும் வரவில்லை. "நல்லா இருக்கும்" என்றான்.

"ஆருக்கு?"

"எனக்கு" என்றான் ஸ்டெனி, கொஞ்சம் யோசித்துவிட்டு.

அவள் தலையை ஆட்டினாள். "அப்பம் சரி" என்றாள். நம்பக்கூடிய ஒன்றைக் கடைசியில் கேட்டுவிட்ட மாதிரி இருந்தது அவள் முகம்.

"அண்ணன் வழி சொன்னது எனக்கு உபகாரமாத்தான் இருந்துது" என்றாள் லிஜா. அவனைப் பார்க்காமல் மேஜையைப் பார்த்துச் சொன்னாள். "ஆனா அந்த எழுத்து அங்கேயே கெடக்கு. எல்லாரும் பாக்காவ."

ஸ்டெனி போனை எடுத்து அங்கேயே நின்று அதை அழித்தான். பிறகு எழுதினான்: 'செல்வி என்ற பெயரில் கேட்டவர் சொன்னது உண்மை. அவர் போட்டதைப் பார்க்காமலே ஏசினேன். மன்னிக்கவும்.' அனுப்புவதற்கு முன் ரெஜிலாவிடம் காட்டினான்.

"இண்ணைக்குத்தான் சுருக்கமா எழுதியிருக்கான்" என்றாள் அவள். 'எழுதியிருக்கிய' என்று சொல்லவில்லை. மரச்சீனி இன்னும் அவளுக்கு வேறொரு ஆளாகவே இருந்தான்.

வீட்டில் ஒன்றிரண்டு வாரம் பேச்சு குறைவாகவே இருந்தது. குழுவிலிருந்து விலகிவிடுகிறேன் என்று ஸ்டெனி ஒருநாள் உருக்கமாகச் சொன்னான். வேண்டாம் என்று தடுப்பாள் என்ற நப்பாசை அதில் இல்லாமல் இல்லை.

"ஓடிப் போனா எல்லாம் சரியாயிருமா?" என்றாள் ரெஜிலா. "நீங்க ஒட்டின அறிவிப்புதானே அது. அது சொல்லுத மாதிரி இருங்க. அது போதும்."

அப்படி இருந்து பார்த்தான். நீங்கள் எதுவரைக்கும் எழுதியிருக்கிறீர்கள் என்று கேட்டான். பாதிப்பேர் அதற்குப் பிறகு பதிலே போடவில்லை. இதயங்கள் குறைந்தன. பெனிஷும் கூட்டாளிகளும் வேறு குழுவுக்குப் போய்விட்டார்கள் என்று ரெஜிலா மூலமாகக் கேள்விப்பட்டபோது, நியாயமாக வந்த நிம்மதியோடு சின்னதாக ஒரு பொறாமையும் வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து கோயில் விட்டு வந்து வேட்டி மாற்றிக்கொண்டிருந்த நேரத்தில் லிஜாவின் பெயர் போனில் தெரிந்தது. அவனிடம் கேட்கவில்லை, பொதுவாகக் கேட்டிருந்தாள். ஒரு ஃபைலிலிருந்து படிக்கிற இடத்தில் கடைசி வரி விட்டுப்போகிறது என்று எழுதியதையும் போட்டிருந்தாள். ஸ்டெனி திறந்து பார்த்தான். பார்த்த உடனே தெரிந்துவிட்டது. விரல்கள் தானாகவே எழுத ஆரம்பித்தன. அவன் எழுதி முடிப்பதற்குள், தருமபுரியிலிருந்து ஒரு பெண் பதில் போட்டுவிட்டாள். வழிதான் காட்டியிருந்தாள், ஆனால் சுற்றுவழி. அதில் ஒரு சொல் தப்பு. அதைவிட நேரான வழி ஒன்றும் இருந்தது. ஸ்டெனி இரண்டையும் விளக்கமாக எழுதினான். அனுப்புகிற பொத்தானின்மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தான்.

பிறகு எல்லாவற்றையும் அழித்தான்.

கொஞ்ச நேரத்தில் லிஜா, "சரியாயிட்டு, நன்றி அக்கா" என்று தருமபுரிக்கு எழுதினாள். சுற்றுவழியிலேயே போய்ச் சேர்ந்திருந்தாள். அவன் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுக்களைக்குப் போனான். ரெஜிலா மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

"மொகம் என்ன ஒரு மாதிரி இருக்கு?"

"ஒரு பிள்ள ஒண்ணு கேட்டா. நான் ஒண்ணும் செய்யல்ல. அவளே போட்டுட்டா."

"கஷ்டமா இருந்துதா?"

"ரொம்ப" என்றான் ஸ்டெனி.

ரெஜிலா சட்டியில் இருந்த தண்ணீரை மாற்றினாள். "இந்தச் சின்ன உள்ளியை உரிங்க" என்று ஒரு கிண்ணத்தை அவன் பக்கம் தள்ளினாள். அவன் தரையில் உட்கார்ந்து உரிக்க ஆரம்பித்தான். தருமபுரிக்காரி விட்ட அந்தத் தப்புச் சொல் இன்னும் அவன் மனதுக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது.